ஈரத்தில் இறுகும் பல் சிமென்ட்: 16 வருடம் கையாண்டவளின் மதிப்புரை

வாய்க்குள் நாங்கள் வைக்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஈரம் ஆகாது. பல் நிறத்தில் அடைக்கிறோமே, அந்த ரெசின் ஒரு சொட்டு எச்சில் பட்டாலே சரியாக ஒட்டாது. பஞ்சு உருளை, உறிஞ்சு குழாய், பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் டேம் விரிப்பு என்று நாங்கள் படுகிற பாடெல்லாம் பல்லைக் காயவைக்கத்தான். ஆனால் சொத்தை, பல்லுக்குள் உயிரோடிருக்கும் சதையான பல்கூழ் வரை இறங்கிவிட்டாலோ, வேரின் பக்கவாட்டில் ஒரு துளை விழுந்துவிட்டாலோ, அங்கே காயவைக்கிற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் எலும்பு, நடுவில் ஊறிக்கொண்டே இருக்கும் திசுநீர். ஈரத்தைச் சகித்துக்கொள்ளும் பொருள் அந்த இடத்துக்குப் போதாது. ஈரத்தைக் குடித்து இறுகும் பொருள் வேண்டும்.

கால்சியம் சிலிக்கேட் சிமென்ட்கள் அந்த வேலைக்குப் பிறந்தவை. பெட்டியின் மேல் 'பயோசெராமிக்' என்றும் 'பயோஆக்டிவ்' என்றும் அச்சிட்டிருப்பார்கள். 16 வருடமாக வேர் சிகிச்சைதான் என் முழுநேர வேலை. தூளாக வரும் எம்.டி.ஏ., கேப்ஸ்யூலில் வரும் பயோடென்டின், ஊசிக்குழலில் குழைத்தே வரும் பசை என்று மூன்று தலைமுறையையும் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். எது எங்கே கைகொடுத்தது, எது எங்கே காலை வாரியது என்று எழுதத் தோன்றியது. பல் மருத்துவம் படிப்பவர்களுக்கும் பயன்படலாம், "உங்கள் பல்லில் பயோசெராமிக் வைக்கப் போகிறோம்" என்று சொல்லக் கேட்டு யோசனையில் இருப்பவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் எம்.டி.ஏ. முழுப்பெயர் மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட். 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத்தும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. முதல் ஆய்வுக்கட்டுரை 1993இல் வந்தது. 1998இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்து, புரோரூட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதன் சேர்மானத்தைச் சொன்னால் நோயாளிகள் கண்ணை அகல விரிப்பார்கள். முக்கால் பங்கு போர்ட்லேண்ட் சிமென்ட், ஐந்தில் ஒரு பங்கு எக்ஸ்-ரேயில் தெரிவதற்காகச் சேர்க்கும் பிஸ்மத் ஆக்சைடு, மிச்சம் ஜிப்சம்.

"அப்படின்னா வீடு கட்டுற சிமென்ட்டா, டாக்டர்?" என்று கேட்காதவர்கள் குறைவு. குடும்பம் அதேதான். போர்ட்லேண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை வாங்கினாரே, அந்த வம்சம். ஆனால் மூட்டையில் வரும் சிமென்டை யாரும் பல்லில் வைக்கக் கூடாது. அதில் ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று மருந்துத் தரத்தில் யாரும் அளப்பதில்லை. துகளின் அளவு சீராக இருக்காது, எக்ஸ்-ரேயிலும் சரியாகத் தெரியாது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இரண்டும் ஒன்றுதானே, மலிவாக முடிக்கலாமே என்ற பேச்சு மாணவர்களிடையே இன்னமும் உலவுவதுதான். உயிருள்ள எலும்பை ஒட்டி வைக்கப்போகும் பொருளில் அந்தக் கணக்கு வேண்டாம்.

எம்.டி.ஏ. குழைப்பதைப் பார்க்க வேண்டும். என்னோடு பல வருடம் உதவியாளராக இருக்கும் அக்காதான் எங்கள் இடத்தில் அதில் கைதேர்ந்தவர். கண்ணாடிப் பலகையில் தூளைக் கொட்டுவார். மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு சுத்திகரித்த நீர் என்பது கணக்கு. கணக்குப்படி ஊற்றினாலும் தூளின் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத்தான் சேர்க்க வேண்டும். முதலில் அது தனித்தனி மணலாக நிற்கும். அப்புறம் தேய்க்கத் தேய்க்கச் சேறாகும். ஸ்பேட்டுலாவின் முதுகால் அழுத்தும்போது மேலே ஒரு மினுமினுப்பு வருகிறதா என்று பார்ப்பார்.

"டாக்டர், இன்னும் மினுங்குது. கொஞ்சம் பொறுங்க."

"சரிக்கா."

உலர்ந்த காஸ் துணியின் முனையால் மெல்ல ஒற்றி எடுப்பார். மினுமினுப்பு மங்கி, ஈர மணலில் கைவைத்தால் தடம் நிற்குமே, அந்தப் பதம் வந்ததும், அதைப் பல்லுக்குள் கொண்டுபோகும் கேரியர் என்ற சிறு குழாயில் அடைத்து நீட்டுவார். நான் வாங்கி இடத்தில் வைப்பதற்குள் விளக்கின் சூட்டில் அது காய்ந்து பொலபொலவென்று உதிரத் தொடங்கியிருந்தால், மறுபடி ஒரு ஈரத் தொடுகை. இந்தக் கைப்பதத்தை எந்தக் கையேடும் சொல்லித் தராது. புதிதாக வாங்குகிறவர்கள் முதல் பொட்டலத்தை நோயாளியின் வாயில் திறக்க வேண்டாம். பிடுங்கிய பல் ஒன்றில் வைத்துப் பழகுங்கள்.

இறுகுவதற்கு எவ்வளவு நேரம் தெரியுமா? சாம்பல் நிறத்தில் வந்த முதல் எம்.டி.ஏ.வுக்கு ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம். நாற்காலியில் யாரும் அவ்வளவு நேரம் வாயைத் திறந்து உட்கார முடியாது. அதனால் வைத்த எம்.டி.ஏ.வின் மேல் நனைத்த பஞ்சை வைத்து, தற்காலிகமாக மூடி அனுப்பிவிட்டு, இன்னொரு நாள் திறந்து பார்ப்போம். புதுத் தளம் போட்ட கொத்தனார் நனைத்த சாக்கைப் போர்த்தித் தண்ணீர் தெளிப்பாரே, அதே நீராற்றுதல்தான் இது. முதல் நாளில் அதன் அழுத்த வலிமை 40 மெகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும். மூன்று வாரத்தில் 67 வரை ஏறும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்தப் பொருள் ஒத்துவராது.

நானும் ஒருமுறை அவசரப்பட்டேன். கடைவாய்ப்பல்லின் அடித்தளத்தில் விழுந்த துளை. ரத்தம் கசிந்துகொண்டிருந்த இடத்தில் பொறுமையாக எம்.டி.ஏ. வைத்து முடித்தேன். எக்ஸ்-ரேயில் அழகாகத் தெரிந்தது. பிறகு ஓரத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தைக் கழுவ, பழக்கதோஷத்தில் தண்ணீர் பீச்சும் குழாயை எடுத்து அழுத்திவிட்டேன். அரை மணி நேர வேலை ஒரே நொடியில் சாம்பல் தண்ணீராக உறிஞ்சு குழாய்க்குள் போனது. இறுகுவதற்கு ஈரம் வேண்டும், ஆனால் இறுகும்வரை நீரோட்டம் ஆகாது என்பதை அன்றைக்குக் கற்றேன். மொத்தமும் மறுபடி செய்தேன். அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அதைவிட மனதில் தங்கிவிட்டது வேறொன்று. ஒரு பெண்ணின் மேல் முன்பல். உள்ளே வெள்ளை எம்.டி.ஏ. வைத்தேன். சாம்பல் நிறத்துக்குப் பல் கருக்கும் என்று தெரியும். வெள்ளை 2002இல் வந்தது, இரும்புச்சத்து குறைத்தது, அதனால் பிரச்சினை இல்லை என்று நம்பினேன். ஒன்றரை வருடம் கழித்து வந்தாள். வலி இல்லை, எக்ஸ்-ரேயிலும் எல்லாம் சரி. ஆனால் சிரிக்கும்போது ஈறை ஒட்டிய பகுதி பென்சிலால் தீட்டியதுபோல் நீலச் சாம்பலாகத் தெரிந்தது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினாள். வெள்ளையிலும் பிஸ்மத் ஆக்சைடு இருக்கிறது. வேரைக் கழுவ நாங்கள் பயன்படுத்தும் ஹைப்போகுளோரைட்டோடு சேர்ந்தால் அது கருக்கும், பல்லின் உட்பகுதியான டென்டினில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தோடு சேர்ந்தாலும் கருக்கும். வேர் காப்பாற்றப்பட்டது, ஆனால் அந்தப் பிள்ளை சிரிப்பைத் தொலைத்தாள். பிறகு உள்ளிருந்தே வெளுக்கவைத்து ஓரளவு சரி செய்தோம். முழுதாகப் போகவில்லை. அன்றிலிருந்து முன்பல்லில் பிஸ்மத் உள்ள எதையும் நான் வைப்பதில்லை. இப்போது அதற்குப் பதிலாக சிர்கோனியம் ஆக்சைடோ டான்டலம் ஆக்சைடோ கால்சியம் டங்ஸ்டேட்டோ சேர்த்த சிமென்ட்கள் வந்துவிட்டன. பெட்டியில் 'வெள்ளை' என்று எழுதியிருப்பதை நம்பாமல் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்.

இத்தனை குறை சொல்லிவிட்டு இதை ஏன் இன்னும் மெச்சுகிறேன் என்றால், அதற்கு முன்பு வந்த ஒரு பையனால்.

எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல் அடிபட்டது. அப்போது யாரும் கவனிக்கவில்லை. என்னிடம் வந்தபோது அவனுக்கு 13. பல்கூழ் எப்போதோ செத்துப்போய், ஈறில் சீழ்க்கட்டி. எக்ஸ்-ரேயைப் பார்த்தால், வேர் நுனி மூடவே இல்லை. அந்தப் பல்லின் வேர் சாதாரணமாகப் பத்து வயதுவாக்கில் முழுமையடையும். இவனுக்கு அதற்கு முன்பே பல்கூழ் செத்ததால் வேர் பாதியில் நின்று, நுனி ஊதுகுழல் மாதிரி விரிந்து கிடந்தது. அடைக்கிற பொருள் தங்குவதற்கு அடி இல்லாத குழாய். எதைத் திணித்தாலும் எலும்புக்குள் போய்விடும்.

நான் படித்த காலத்தில் இதற்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு வைப்போம். சுண்ணாம்புப் பசை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1920இல் ஜெர்மனியின் ஹெர்மான் அறிமுகப்படுத்தியது, நெடுங்காலம் எங்களுக்குச் சோறு போட்டது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அதை வைத்து, மாற்றி, மறுபடி வைத்து, நுனியில் ஒரு மூடி உருவாக ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம்வரை ஆகும். பாதியில் வராமல் நின்றுவிடுகிற பிள்ளைகள் அதிகம். தொடர்ந்து வந்தாலும், அத்தனை மாதம் சுண்ணாம்பில் ஊறிய மெல்லிய வேர் வலுவிழந்து, கழுத்தில் முறிந்துபோனதையும் பார்த்திருக்கிறேன்.

எம்.டி.ஏ. இதை இரண்டு மூன்று வருகையாகச் சுருக்கிவிட்டது. முதலில் சுத்தம் செய்து, சீழ் அடங்கச் சில வாரம் மருந்து வைத்துவிட்டு, பிறகு நுனியில் 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு அடைப்பு. உருப்பெருக்கியில் பார்த்தபடியே தூளைச் சிறு சிறு உருண்டையாக இறக்கி, கம்பியால் அழுத்தாமல், வேர்க்குழாயைத் துடைக்கும் காகிதக் குச்சியான பேப்பர் பாயின்டில் தடித்த ஒன்றின் மொட்டை முனையால் தட்டித் தட்டி உட்கார வைக்க வேண்டும். வேகமாக அழுத்தினால் நுனியைத் தாண்டிப் போய்விடும். முதல் எக்ஸ்-ரேயில் நடுவில் ஒரு கருப்பு இடைவெளி தெரிந்தது. கழுவி எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். இரண்டாவது படத்தில் சுண்ணக்கட்டியால் அடைத்ததுபோல் வெள்ளையாக, இடைவெளி இல்லாமல் இருந்தது. அடுத்த வாரம் திறந்து, வேரைச் சுரண்டும் ஃபைல் என்ற கம்பியின் முனையால் தட்டிப் பார்த்தேன். கல்லைத் தட்டுகிற சத்தம். ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் வேர் நுனியைச் சுற்றியிருந்த கருப்பு வட்டம் மறைந்து எலும்பின் வலைப்பின்னல் வந்திருந்தது. படத்தைப் பார்த்த அக்கா, "தம்பி, இனிமே தைரியமா கடிச்சுச் சாப்பிடலாம்" என்றார். நான் "முன்பல்லால் இல்லைக்கா" என்று திருத்த வேண்டியிருந்தது. அது உண்மைதான், மெல்லிய வேர் மெல்லிய வேர்தான்.

எலும்பு எப்படித் திரும்பி வந்தது? சீழுக்குக் காரணமான கிருமிகள் போனதும் உடம்பே ஆற்றிக்கொள்ளும், அது முதல் காரணம். சிமென்டின் பங்கு என்ன என்று கேட்டால், தண்ணீரோடு சேரும்போது ட்ரைகால்சியம் சிலிக்கேட் இரண்டு பொருளைத் தருகிறது. ஒன்று இறுகிப்போகும் கால்சியம் சிலிக்கேட் கூழ்மம். இன்னொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது அந்தப் பழைய சுண்ணாம்பு. குழைத்தவுடன் 10.2 இருக்கும் பி.எச். மூன்று மணி நேரத்தில் 12.5க்கு ஏறுகிறது. அந்தக் காரத்தில் கிருமிகள் பிழைப்பது கஷ்டம். வெளியே வரும் கால்சியம், திசுநீரில் இருக்கும் பாஸ்பேட்டைப் பிடித்து, சிமென்டின் மேற்பரப்பில் ஹைட்ராக்சிஅபடைட் போன்ற ஒரு படலத்தைப் போர்த்துகிறது. பல்லும் எலும்பும் ஆகியிருக்கிற தாது அதுதான். அதனால் உடம்பு இதை அந்நியமாக நினைத்து ஒதுக்காமல் பக்கத்தில் வந்து வளர்கிறது. பழைய சுண்ணாம்புப் பசையிலும் கால்சியம் இருந்தது, ஆனால் அது கரைந்து போய்விடும், அடைத்த இடம் வெற்றிடமாகும். இங்கே சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்க, சிமென்ட் தன் இடத்தில் நிற்கிறது. எனக்கு இந்தப் பொருளில் பிடித்ததே இந்த இரட்டை வேலைதான்.

அடுத்து பயோடென்டின். பிரான்ஸின் செப்டோடான்ட் 2009இல் கொண்டுவந்தது. இதில் போர்ட்லேண்ட் சிமென்ட் இல்லை. தூய்மையாகத் தயாரித்த ட்ரைகால்சியம் சிலிக்கேட், எக்ஸ்-ரேக்கு சிர்கோனியம் ஆக்சைடு. திரவத்தில் கால்சியம் குளோரைடு இருப்பதால் 12 நிமிடத்தில் இறுகிவிடுகிறது. 2 மணி 45 நிமிடத்திலிருந்து 12 நிமிடம்! இறுகியதை அதே வருகையில் பார்த்துவிடலாம் என்பது நோயாளிக்கும் எனக்கும் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை எம்.டி.ஏ. காலத்தைப் பார்த்தவர்களுக்கே புரியும்.

செய்முறையில் ஏமாறக் கூடாத இடம் ஒன்றுதான்: 5 சொட்டு. கேப்ஸ்யூலை மேசையில் மெதுவாகத் தட்டித் தூளைத் தளர்த்தி, திரவக் குப்பியை உதறி முனையில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, 5 சொட்டு. பிறகு ஆட்டும் இயந்திரத்தில் 30 நொடி. ஆறாவது சொட்டு விழுந்தால் கஞ்சியாகிவிடும், நேரத்துக்கு இறுகாது. நான்கு விழுந்தால் உதிரும். பாதிக் கேப்ஸ்யூல் போதும் என்று தூளைப் பிரித்துக் கலக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு மாறினால் பொருளே மாறுகிறது, செய்யாதீர்கள். ஒரு சின்ன இடத்துக்கு முழுக் கேப்ஸ்யூலையும் திறந்து முக்கால்வாசியைத் தூக்கிப் போடுவது எனக்கும் வருத்தம்தான். 

இதன் முழு அருமை ஆழமான சொத்தையில் தெரியும். 19 வயதுக்காரர் ஒருவர், கீழ்க் கடைவாய்ப்பல். குளிர்ந்த நீர் பட்டால் சுரீர் என்று வலி, தானாக வருகிற வலி இல்லை. சொத்தையைச் சுரண்டி முடிக்கும்போது குழியின் அடியில் ஊசிமுனையளவு சிவப்பு. பழைய பாடத்தின்படி வேர் சிகிச்சைதான். நான் ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை அதன்மேல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பஞ்சை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது. பல்கூழ் இன்னும் பிழைக்கும் தெம்போடு இருக்கிறது என்று நினைக்க அது நல்ல அறிகுறி. நிற்கவே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் கூழை அகற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். பத்து நிமிடம் போராடியும் நிற்காத ரத்தத்தின்மேல் எந்த விலையுயர்ந்த சிமென்டை வைத்தாலும் பயனில்லை.

கூழின் மேல் பயோடென்டினை வைத்து, குழியையே அதனால் நிரப்பி அனுப்பினேன். அப்படிக் கொஞ்ச நாள் விடலாம் என்பது இதன் இன்னொரு வசதி. டென்டினை ஒத்த வலிமை இருப்பதால் தற்காலிக அடைப்பாக ஆறு மாதம்வரை தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்கள். நான் அத்தனை நாள் விடுவதில்லை, மேல்பரப்பு தேய்கிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து, மேல்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு ரெசின் போடுகிறேன். அன்றே ரெசின் போட்டால் இளம் சிமென்டோடு பிடிப்பு பலமாக இருப்பதில்லை. அந்தத் தம்பியின் பல் இன்றுவரை குளிர்ச்சியை உணர்கிறது. சோதனைக்குக் குளிர்ந்த பஞ்சை வைத்ததும் "ஆ, தெரியுது டாக்டர்" என்று கையை உயர்த்துவார். பல் உயிரோடிருப்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

2019இல் ஐரோப்பிய வேர் சிகிச்சைச் சங்கம் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையும், வெளிப்பட்ட பல்கூழின் மேல் வைக்க இந்த வகை சிமென்டையே பரிந்துரைத்தது. ஆகவே உங்கள் மருத்துவர் "வேர் சிகிச்சை இல்லாமல் பார்க்கலாம்" என்றால் அது கைகழுவுகிற பேச்சு என்று நினைக்காதீர்கள். சொல்லப்போனால் அதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும்.

பயோடென்டினில் என் மனக்குறை ஒன்று: எக்ஸ்-ரேயில் டென்டினைப் போலவே மங்கலாகத் தெரிகிறது. கடைவாய்ப்பல்லின் மேல்பகுதியில் பரவாயில்லை. வேர் நுனியில் வைத்துவிட்டு, நான்கு மில்லிமீட்டர் நிறைந்ததா இல்லையா என்று படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண் வலிக்கும். அதனால் நுனி வேலைக்கு இதை எடுப்பதில்லை.

நுனி வேலைக்கு இப்போது என் கை போவது மூன்றாவது வகைக்குத்தான். குழைத்தே வரும் பசை. கனடாவின் வான்கூவரில் இன்னோவேட்டிவ் பயோசெராமிக்ஸ் உருவாக்கியது, ஐரூட், எண்டோசீக்வென்ஸ், டோட்டல்ஃபில் என்று வெவ்வேறு பெயரில் விற்பனையாகிறது. நீரில்லாத ஒரு ஊடகத்தில் தூளைக் கலந்து வைத்திருக்கிறார்கள், அதனால் ஊசிக்குழலில் இருக்கும்வரை இறுகாது. பல்லுக்குள் போனதும் டென்டினின் நுண்குழல்களில் இருக்கும் ஈரத்தைக் குடித்து இறுகத் தொடங்கும். கெட்டியான புட்டி வடிவமும் இருக்கிறது. விரல்களுக்கிடையில் உருட்டினால் களிமண் மாதிரி நூலாகத் திரளும். எம்.டி.ஏ.வின் உதிர்தலோடு மல்லுக்கட்டிய கைக்கு அந்த வழவழப்பு எவ்வளவு சுகம்! கேரியர் வேண்டாம், கம்பி முனையில் ஒட்டி எடுத்து வைக்கலாம், எளிதில் கழுவிக்கொண்டு போவதுமில்லை.

ஆனால் பழைய பழக்கம் இங்கேதான் குழி பறிக்கும். வேர்க்குழாயைப் பேப்பர் பாயின்டால் பொட்டு ஈரமில்லாமல் காயவைக்கப் பழகிய கை, இதற்கும் அப்படியே காயவைக்கும். குடிக்க ஈரமில்லாத சிமென்ட் எப்படி இறுகும்? கடைசிப் பேப்பர் பாயின்டின் முனை லேசாக நனைந்து வந்தால் நிறுத்திவிடுகிறேன். அதோடு, ஈரத்தைக் குடிக்கிற பொருள் காற்றிலிருந்தும் குடிக்கும். ஒருநாள் மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்துவிட்டோம், மறுநாள் முனை கல்லாகிப்போனது. அக்கா இப்போது பயன்படுத்திய கையோடு முனையைத் துடைத்து, மூடி, பையில் போட்டு, மேலே தேதி எழுதி வைக்கிறார்.

இதே குடும்பத்தின் திரவ வடிவத்தை, அதாவது வேர்க்குழாயின் இடைவெளிகளை அடைக்கும் ஸீலரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரம் அதற்குத்தான் அதிகம். வேர்க்குழாயை நிரப்பும் ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சா குச்சி ஒன்றில் தடவி நுழைத்தால் வேர் சிகிச்சை முடிந்தது என்று விற்கிறார்கள். பொருள் நல்லது, சந்தேகமில்லை. சுருங்குவதில்லை, உடம்போடு ஒத்துப்போகிறது. என் கவலை வேறு. சுத்தம் செய்யும் நேரத்தைக் குறைத்துக்கொள்ள இது ஒரு சாக்காகிவிட்டது. கிருமியை உள்ளே விட்டு மேலே எவ்வளவு உயர்ந்த ஸீலரை ஊற்றினாலும் வேர் நுனி ஆறாது. அப்படித் தோற்றுப்போன பற்கள் என்னிடம் மறு சிகிச்சைக்கு வரும்போது படும் அவதி தனி. குச்சியை எடுத்துவிடலாம், ஆனால் நுனியில் குச்சி எட்டாத இடத்தில் இந்த ஸீலர் இறுகிக் கல்லாகியிருந்தால், கரைக்க நல்ல திரவம் கிடையாது. சில பற்களில் நுனிவரை போகவே முடியாமல் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று.

இன்னும் இரண்டு எச்சரிக்கை, மூன்று வகைக்கும் பொது. வேரைக் கழுவ இ.டி.டி.ஏ. பயன்படுத்தியிருந்தால் அதை நன்றாக அலசிவிட்டுத்தான் சிமென்டைத் தொட வேண்டும். அது கால்சியத்தைப் பிடுங்கும் திரவம், சிமென்டை இறுகவிடாது. சீழ் வடியும் இடத்திலும் வைக்காதீர்கள், சீழில் இருக்கும் அமிலத்தில் மேற்பரப்பு பொடியாகவே நின்றுவிடும்.

'பயோஆக்டிவ்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1969இல் அமெரிக்க ஆய்வாளர் லாரி ஹென்ச் ஒரு கண்ணாடியை உருவாக்கி, அது எலும்போடு நேரடியாகப் பிணைவதைக் காட்டினார். அந்தச் சொல்லின் கனம் அங்கிருந்து வந்தது. இன்றைக்கு ரெசினில் கொஞ்சம் கால்சியம் சேர்த்துவிட்டு அதையும் அதே பெயரில் அழைக்கிறார்கள். ஒளி பாய்ச்சி இறுக்கும் கால்சியம் சிலிக்கேட்கள் உண்டு, வசதியானவை, மெல்லிய அடிப்பூச்சாக நானும் போட்டிருக்கிறேன். ஆனால் ரெசினுக்குள் சிறைப்பட்ட சிலிக்கேட்டுக்குத் தண்ணீர் போய்ச்சேர்வது கஷ்டம், கால்சியம் குறைவாகவே வெளிவரும். வெளிப்பட்ட கூழின் மேல் நான் அதை வைப்பதில்லை. இந்தப் பொருள்களை நீண்ட காலம் ஆராய்ந்துவரும் ஜோசெட் கமில்லேரி 'ஹைட்ராலிக் சிமென்ட்' என்ற பெயரையே பயன்படுத்துகிறார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. விற்பனையாளர் வரும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "இது எதனால் இறுகும்? தண்ணீராலா, வெளிச்சத்தாலா?"

இப்போது என் அலமாரியில் இருப்பவை: கூழ் வெளிப்பட்ட கடைவாய்ப்பல்லுக்குப் பயோடென்டின். நுனி அடைப்புக்கும் துளைக்கும் புட்டி. பிஸ்மத் உள்ள எம்.டி.ஏ. ஒரே ஒரு பெட்டி, அதுவும் கடைவாய்ப்பல்லின் வேருக்கு மட்டும். அக்கா அதன்மேல் சிவப்பு மையில் 'முன்பல்லுக்கு வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு: வைத்த அன்று அந்தப் பக்கம் கடிக்காதீர்கள், மரத்துப்போன உதட்டைக் கடித்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பொருள் வைத்தார்கள் என்று பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேறொரு மருத்துவர் அந்தப் பல்லைத் திறக்க நேர்ந்தால் அது அவருக்குப் பெரிய உதவி. பல்கூழைக் காப்பாற்றும் சிகிச்சை என்றால் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எக்ஸ்-ரேக்குக் கட்டாயம் போய்விடுங்கள். வலி இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். பல்கூழ் வலிக்காமலே சாகும், அந்த எட்டு வயதுப் பையனுக்குச் செத்ததுபோல.